உடைந்த கம்பியும் ஒரு சிட்டிகை போரானும்

"போரான் இருக்கு. எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு கச்சிதமா இருக்கு. யாரும் எதையும் மறக்கல."

போனின் மறுமுனையில் பேசியவர் செண்டாய் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியை. துப்பறியும் பெண்மணி குஜி மசாயேவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். காரை மிசுசாவா ஊரின் ஷிராஹதா வார்ப்படத் தொழிற்சாலை வாசலில் நிறுத்தியிருந்த தொகாஷி, இதைக் கேட்டதும் ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். குஜியிடம் உதவியாளனாகச் சேர்ந்த ஏழு வருஷத்தில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: குற்றவாளி சீக்கிரம் கிடைத்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

"போச்சு. நம்ம கையில இருந்த ஒரே குற்றவாளியும் நிரபராதி ஆயிட்டாங்க," என்றான்.

"அந்தம்மா எப்பவுமே நிரபராதிதான். நமக்கு இப்பதான் தெரிஞ்சுது," என்றார் குஜி.

விஷயம் இதுதான். ஷிராஹதா வார்ப்படத்தில் மூன்று தலைமுறையாக இரும்பு வார்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் புதிதாக ஒரு சின்ன உலை வாங்கி, நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த ஒரு கலவையை வார்க்க ஆரம்பித்தார்கள். மற்ற உலோகமெல்லாம் சூடானால் இளகும். இது சூடாக ஆக இன்னும் விறைத்துக்கொள்ளும். பெரிய சூளைகளுக்குள் உருளைகள் செய்ய இதைவிட நல்ல சரக்கு கிடையாது. "என் மாமனார் மாதிரி," என்று தொகாஷி முதல் நாளே சொல்லிவிட்டான்.

ஆனால் இந்தக் கலவைக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளே பொடிப்பொடி மணிகளாகத்தான் அது உறையும். அந்த மணிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது. தட்டினால் அரிசி அப்பளம் போல உடையும். அதற்கு மருந்து போரான். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், ஒரு சிட்டிகை போதும். மணிகளின் இடுக்குகளில் போய் அமர்ந்து எல்லாவற்றையும் கட்டிப் போட்டுவிடும். அதன் பிறகு கம்பி வளையும், உடையாது.

போன வாரம், பெரிய ஆர்டரின் முதல் உருக்கில் வார்த்த மூன்று கம்பிகளை வாடிக்கையாளரின் ஆள் குரொகி கண்ணெதிரே வளைத்துப் பார்த்தார்கள். மூன்றும் உடைந்தன. ஒன்றாவது பேருக்காவது வளைந்திருக்கலாம்.

போரானை நிறுக்கும் வேலை நுமாதா சுமி என்கிற அம்மாளுடையது. ஆகவே குற்றவாளி யார் என்று யாரும் யோசிக்கவே இல்லை. இன்று மாலை நாலு மணிக்குள் காரணமும் பொறுப்பாளியின் பெயரும் எழுதிக் கொடுக்காவிட்டால் ஆர்டர் ரத்து. நடுநிலையான ஒருவர் விசாரித்ததாக ஒரு தாள் இருந்தால் நுமாதாவை வேலையை விட்டு அனுப்ப வசதியாக இருக்கும் என்று முதலாளி ஷிராஹதா நினைத்தார். அந்தத் தாளுக்காகத்தான் குஜியைக் கூப்பிட்டிருந்தார்.

"அதாவது நம்மள வேலைக்கு வெச்சது கண்டுபிடிக்க இல்ல, ஆமாம் சாமி போட," என்றான் தொகாஷி.

"இறங்குடா. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

முதலாளியின் அறையில் குரொகி மூன்றாவது கோப்பை பச்சைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு படிவம். ஒல்லியான, அவசரமே இல்லாத மனிதர். அப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் தொகாஷிக்குப் பயம்.

போரான் சரியாக இருக்கிறது என்று குஜி சொன்னதும் முதலாளியின் முகம் விழுந்தது. நல்ல செய்தி கேட்டு ஒருவர் இவ்வளவு வாடி தொகாஷி பார்த்ததில்லை.

"அப்போ வேற எதையாவது விட்டிருப்பாங்க," என்றார் முதலாளி. "குரோமியத்தை விட்டிருப்பாங்க."

"குரோமியம் காவல்காரன். சூட்டுல காத்து உள்ள புகுந்து கெடுக்காம பாத்துக்கும். நீங்க கம்பியை வளைச்சது பச்சைத் தண்ணி மாதிரி ஆறின பிறகு. அதுல காவல்காரன் மேல என்ன பழி?" என்றார் குஜி. "அதோட குரோமியமும் இருக்கு. உங்க ஆய்வுக்கூட அறிக்கையிலயே இருக்கு. கந்தகம், ஈயம்னு வேண்டாத சாமான் எதுவும் இல்லன்னும் எழுதியிருக்கு. எல்லாம் வரம்புக்குள்ள."

"அப்படின்னா தராசு!" முதலாளிக்கு உயிர் வந்தது. "அவங்க தராசே தப்பு. போட்டதைவிட வார்ப்பு கனமா வந்திருக்குன்னு அவங்களே நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க. உலையில வெச்சது எங்கேயாவது கூடுமா? பதினஞ்சு வருஷம் அனுபவம்னு சொல்லி கவாசாகி ஊர்லேர்ந்து வந்தாங்க. என்ன அனுபவமோ!"

குரொகி கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு உலோகம் தெரியாது. படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு பேர் வேணும்."

வெளியே வந்ததும் குஜி நின்றார். "விட்டுட்டாங்கன்னு பழி போடறாங்க. ஆனா எடை கூடியிருக்கு. ஒண்ணை விட்டா எடை கூடுமாடா?"

"எனக்குக் கூடும். ஓடறதை விட்டேன், ஏழு கிலோ கூடிச்சு."

உலைக்கூடத்தில் ஆளாளுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. உலை மேஸ்திரி ஒய்காவா அறுபதை எட்டியவர். தோளில் துண்டு, புருவத்தில் தீய்ந்த வாசனை. சுவரில் சாமி மாடம். போன வாரம் நடந்த துருத்தித் திருநாளுக்குப் படைத்த ஆரஞ்சுகள் இன்னும் அங்கேயே வதங்கிக்கொண்டிருந்தன. ஊதுதுருத்திக்கு நன்றி சொல்லும் அந்தத் திருநாள் அன்று மதியம் வார்த்ததுதான் அந்தப் பாழாய்ப்போன முதல் உருக்கு.

"நுமாதா-சானைப் பத்தி என்ன நினைக்கறீங்க, மேஸ்திரி?" என்று பேரோடு மரியாதைச் 'சான்' சேர்த்துக் கேட்டார் குஜி.

ஒய்காவா துண்டால் முகத்தைத் துடைத்தார், தேவைக்கு அதிக நேரம். "கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். எங்களோட சேரல. அவ்வளவுதான்."

அச்சு மண் குழைக்கிறவர் சொன்னார்: "எங்களோட சேரல." கிரேன் ஓட்டுகிறவர் சொன்னார்: "அவங்க சேரலைங்க." கூட்டிப் பெருக்குகிற பெரியவர்கூட விளக்குமாற்றை நிறுத்தி, "எல்லாரும் சேர்ந்தோம், அவங்க சேரல," என்றார். எதில் சேரவில்லை என்று கேட்டால் அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை, தொகாஷியும் பார்த்துவிட்டான்.

"பத்துப் பேரை விசாரிச்சா பத்துக் கதை வரும்," என்றான் அவன். "இங்க ஒரே வரி வருது. பள்ளிக்கூடத்து நாடகத்துல மரமா நின்னவங்களே இதைவிட இயல்பா நடிச்சாங்க."

"நடிக்கலடா. நம்பறாங்க," என்றார் குஜி.

நிறுக்கும் அறை ஒரு அலமாரி அளவுதான் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு. பக்கத்தில் நுமாதா சுமி. ஐம்பத்து நாலு வயது. வெள்ளை உறை போட்ட கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு, யாரோ ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது போல உட்கார்ந்திருந்தார்.

"போரான் சரியா இருக்கும்மா. நீங்க மறக்கல," என்றார் குஜி.

நுமாதா கண்ணை மூடித் திறந்தார். "தெரியும். நான் மறக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா கம்பி உடைஞ்சுதே! உடைஞ்சதை நானும் பார்த்தேனே!"

"எடைக் கணக்கைச் சொல்லுங்க."

"சரியா ஐயாயிரம் கிராம் தட்டில வெச்சேன். நிக்கல், அறுநூத்தி முப்பத்தஞ்சு கிராம் அலுமினியம், மத்த சில்லறைச் சாமான், போரான் எல்லாம் சேர்த்து. மேஸ்திரி கையில கொடுத்துட்டு இங்க வந்துட்டேன். உருக்கினா எப்பவும் பத்து கிராம் போல குறையும். அன்னைக்கு ஒழுகினது, வழிஞ்சது எல்லாம் பொறுக்கி நிறுத்தா ஐயாயிரத்து இருபத்தேழு. மூணு தடவை நிறுத்தேன். மூணு தடவையும் அதே எடை. தராசு தப்புன்னு சிரிச்சாங்க." அவர் கண்ணாடிக் கூண்டின் மேல் கையை வைத்தார். "இந்தத் தராசு தப்பில்லைங்க. என்னை அனுப்புங்க, பரவாயில்ல. தராசைச் சொல்லாதீங்க."

"உங்களை அனுப்பினா?"

"கம்பெனி வீட்டைக் காலி பண்ணணும். இந்த வயசுல இன்னொரு தராசு எனக்கு யார் கொடுப்பா?" என்று நேராகவே சொன்னார்.

"நீங்க சேரலன்னு எல்லாரும் சொல்றாங்களே, எதுல?"

அந்த அம்மாள் முகம் சிவந்தது. "சேரத்தான் போனேன். கடைசியா போனேன், எனக்குக் கிடைக்கல. அதனாலதானோ என்னமோன்னு எனக்கே..."

கதவில் ஒரு இருமல் கேட்டது. ஒய்காவா நின்றுகொண்டிருந்தார். நுமாதா சட்டென்று உறையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

மணி ஒன்றரை. பசி தொகாஷியின் மூளைக்குள் ஏறிவிட்டதாக அவனே அறிவித்ததால் இருவரும் தொழிற்சாலை உணவகத்துக்குப் போனார்கள். மாவைக் கையால் கிள்ளிப் போட்டு, கோழியும் காளானும் சேர்த்துக் கொதிக்கவைத்த சூப், கூட ஊறுகாய். நானூற்று நாற்பத்தொன்பது யென். தொகாஷி நானூற்று ஐம்பதை நீட்டினான். கல்லாவில் இருந்த அம்மாள் எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு புளிப்பு மிட்டாயை நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க. ஒரு யென் காசு இல்லை. தயவுசெஞ்சு இதை எடுத்துக்கோங்க."

தொகாஷி மிட்டாயைப் பார்த்தான். ஜப்பானில் பிறந்து முப்பத்தொரு வருஷத்தில், மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்கியது அவனுக்கு இதுதான் முதல் தடவை. "குஜி-சான், நாட்டுல ஏதோ புரட்சி நடந்திருக்கு. நமக்குத்தான் தெரியல."

குஜி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு யென் எப்போ தீர்ந்துது?"

"திருநாள் அன்னைக்கு," என்று முனகினார் கல்லா அம்மாள். "இப்பல்லாம் எல்லாரும் போன்லதானே காசு கட்றாங்க? யார் பையிலயும் சில்லறை கிடையாது. அன்னைக்குக் காலையில ஒவ்வொருத்தரா வந்து ஒரு யென், ஒரு யென்னு கேட்டாங்க. கொடுத்துக்கிட்டே இருந்தேன். கடைசியா நிறுக்கற அம்மா வந்தாங்க, அவங்களுக்கு இல்லை. மிட்டாய் கொடுத்தேன். பாவம், அதைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. பேங்க்ல கேட்டிருக்கேன், இன்னும் வரல."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

கல்லா அம்மாள் கூரையைப் பார்த்தார்.

"நீங்களும் ஒண்ணு போட்டீங்க," என்றார் குஜி மெதுவாக.

கல்லா அம்மாள் இழுப்பறையைச் சாத்தினார். குஜி சூப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். தொகாஷி கிண்ணத்தைத் தூக்கி நின்றபடியே குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஓடினான். வாசலில் குஜி போனில் இருந்தார்.

"அலுமினியம் எவ்வளவு இருந்துது?"

"நீ போரானைத்தானே பாக்கச் சொன்ன?" என்றார் பேராசிரியை. "இரு... பதிமூணு புள்ளி மூணு சதவீதம்."

"பன்னெண்டு புள்ளி ஏழு போட்டிருக்காங்க. அரை சதவீதம் கூடினா என்ன ஆகும்?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது. "வேற கலவையா இருந்தா ஒண்ணும் ஆகாது. இதுல அந்த அரை சதவீதம்தான்டி உயிர். மூணு நிக்கலுக்கு ஒரு அலுமினியம்னு வரிசையா உட்கார்ற பந்தி இது. அணுக்களை எண்ணினா கால் பங்கு, எடையில அது பதிமூணு சொச்சம்தான்; அலுமினியம் அந்தக் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவா இருக்கணும். அப்பதான் போரான் மணிகளோட இடுக்குல போய் உட்காரும், வேலை செய்யும். கால் பங்கு நிறைஞ்சுதோ, நீ எவ்வளவு போரானைக் கொட்டினாலும் எடுபடாது. அறிக்கையில 'வரம்புக்குள்'னு போட்டிருப்பாங்களே?"

"போட்டிருக்காங்க."

"பொதுவா நிக்கல் சாமானுக்குப் போட்ட அகல வரம்பு. இதுக்கு அது உதவாது."

குஜி போனை அணைத்தார். "எல்லாரும் வெளியாளைத் தேடினாங்க, தொகாஷி. கந்தகம் வந்துதா, ஈயம் வந்துதான்னு. வீட்டு ஆளே ஒருத்தர் கூடுதலா வந்து உட்கார்ந்துட்டார், யாருமே எண்ணல. காசு வெச்சிருக்கியா? ஒரு யென்?"

தொகாஷி கோட்டுப் பையின் கிழிசலுக்குள் விரலை விட்டு, நூலும் தூசியுமாக ஒன்றை எடுத்தான். நிறுக்கும் அறைக்குப் போய் அதைத் துடைத்து நுமாதாவிடம் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைத் திறந்து, சாமணத்தால் காசைத் தட்டில் வைத்தார். எண்கள் ஓடி நின்றன.

ஒரு கிராம்.

"சுத்த அலுமினியம், சரியா ஒரு கிராம். நம்ம அரசாங்கம் அடிச்சுக் கொடுத்தது," என்றார் குஜி. "பத்து கிராம் குறைஞ்சிருக்க வேண்டிய உருக்கு இருபத்தேழு கூடியிருக்கு. மொத்தம் முப்பத்தேழு. இந்தத் தொழிற்சாலையில எத்தனை பேர், நுமாதா-சான்?"

"முதலாளியையும் சேர்த்து முப்பத்தெட்டு." சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. உறைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சாமி மாடத்துலதான் வைப்பாங்கன்னு நினைச்சேனே! உலைக்குள்ள வெச்சு உருக்கற மூசையிலயா போட்டாங்க? நான் நிறுத்துக் கொடுத்த சாமானோடயா?"

ஒய்காவாவை உலைக்குப் பின்னால் பிடித்தார்கள். மனிதர் ஒளிக்கக்கூட முயலவில்லை. மூசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினார்.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து வர்ற வழக்கம். திருநாள் அன்னைக்கு முதல் உருக்குல எல்லாரும் ஒரு காசு போடுவோம். உடையாம வரணும், கை கால் போகாம இருக்கணும்னு வேண்டிக்குவோம். இரும்பு உலையில ஒரு டன் உருகும், அதுல ஆளுக்கு ஒரு அஞ்சு யென் காசு. நாப்பது காசு விழுந்தா அது எந்த மூலைக்கு? சாமியும் சந்தோஷம், இரும்பும் சந்தோஷம்."

"இது அஞ்சு கிலோ உலை, மேஸ்திரி."

"நான் யோசிக்காம செய்வேனா?" ஒய்காவாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அஞ்சு யென் பித்தளை. அதுல துத்தநாகம் இருக்கு, இந்த உலையில புகைஞ்சு எல்லாத்தையும் கெடுத்துடும். அதனால நானே யோசிச்சுச் சொன்னேன், இந்தத் தடவை பெரிய ஆர்டர்ங்கறதால இந்த உலையில போடுவோம், ஆனா ஒரு யென் மட்டும்தான் போடணும்னு. அது அலுமினியம். நம்ம கலவையில இருக்கறதுதானே? வேத்து சாமான் ஒண்ணும் சேராதே?"

அறிவாளித்தனமாகச் செய்த முட்டாள்தனத்துக்கு மருந்து கிடையாது என்று தொகாஷி எப்போதும் சொல்லுவான். மேஸ்திரி தோள் துண்டை எடுத்து முறுக்கினார்.

"கம்பி உடைஞ்சதும் எல்லார் மனசுலயும் ஒண்ணுதான் தோணுச்சு," என்றார் ஒய்காவா தாழ்ந்த குரலில். "முப்பத்தேழு பேர் போட்டோம், ஒருத்தங்க போடல. அதான் சாமிக்குக் கோவம்னு."

"அந்தம்மாவும் போட்டிருந்தா முப்பத்தெட்டு கிராம் ஆயிருக்கும். இன்னும் நல்லா உடைஞ்சிருக்கும்," என்றார் குஜி.

நாலு மணிக்கு முதலாளியின் அறையில் நின்றார்கள். குஜி நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். குரொகி ஐந்தாவது கோப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டார். நுமாதா கதவோரம் நின்றார். ஒய்காவாவின் முதுகுக்குப் பின்னால் தாழ்வாரம் முழுக்க ஆட்கள்.

முதலாளியின் நெற்றியில் வியர்வை கண்டது. "காசை உருக்கறது சட்டப்படி குற்றம். இது வெளிய போனா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாருங்க குஜி-சான், யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. நிறுத்ததுல சின்னப் பிசகுன்னு எழுதிடலாம். நுமாதா-சான் புரிஞ்சுக்குவாங்க. வேற ஊர்ல என் மச்சான் கம்பெனியில ஒரு இடம் பாத்துத் தர்றேன். எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்கும்னா முப்பத்தேழு பேருக்கா?" என்றான் தொகாஷி.

"தம்பி, நீங்க சும்மா இருங்க."

குரொகி பேனா மூடியைத் திறந்தார். "அலுமினியம் கூடிப்போச்சுன்னு காரணம் எழுதிக்கறேன். அது எப்படிக் கூடிச்சுன்னு எங்க கம்பெனி கேக்கல; நானும் கேக்கல. ஆனா பொறுப்பாளி பேர் வேணும். முப்பத்தேழு பேர் எழுத இடம் கிடையாது. கட்டம் சின்னது."

ஒய்காவா ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் கதவோரத்திலிருந்து குரல் வந்தது. இந்த ஒரு வாரத்தில் அந்த அம்மாள் இந்த அறையில் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"முதல் காசு யார் போட்டது?" என்றார் நுமாதா.

தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தார்கள்.

முதலாளி கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். அவர் பார்வை நுமாதாவின் வெள்ளை உறைகள் மேல் போய் நின்றது, அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் படிவத்தை இழுத்துத் தன் பெயரை எழுதினார். எழுதியபின் எழுந்து, அந்த அம்மாளுக்கு நேரே, மேஜையில் தலை இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. நான் உங்களை வீட்டை விட்டே துரத்தப் பாத்தேன்."

"ஆமா, பாத்தீங்க," என்றார் நுமாதா. பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததில் தொகாஷிக்கு மனசு நிறைந்துபோனது.

குரொகி படிவத்தை மடித்து உள்பையில் வைத்தார். "நாளைக்குக் காலையில இன்னொரு கம்பி வளைச்சுக் காட்டுங்க. வளைஞ்சா ஆர்டர் இருக்கு." தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு விடுதிக்குப் போனார்.

ஐந்து மணிக்கு உலையைத் தயார் செய்தார்கள். ஒய்காவா மூசையைத் துடைத்துவிட்டு, ஆட்களிடம் கறாராகச் சொன்னார்: "இனிமே வழக்கம் கிடையாது. யாரும் எதையும் போடக் கூடாது. கேட்டுதா?"

ஆட்கள் தலையாட்டினார்கள். ஆனால் யாரும் நகரவில்லை. பெருக்குகிற பெரியவர் மட்டும், "வேண்டிக்காம எப்படி உலையை மூடறது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அவருடைய தம்பி இருபது வருஷத்துக்கு முன் இதே கூடத்தில் கையை இழந்தவர் என்று ஒய்காவா குஜியிடம் முணுமுணுத்தார்.

நுமாதா தட்டோடு வந்தார். தட்டை இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு சின்னத் தட்டை நீட்டினார். அதில் அலுமினியக் கம்பியை நறுக்கிய துண்டுகள், பருப்பு மாதிரிப் பளபளவென்று கிடந்தன.

"அறுநூத்தி முப்பத்தஞ்சு கிராம்ல முப்பத்தெட்டு கிராமைத் தனியா எடுத்துட்டேன்," என்றார். "ஒண்ணொண்ணும் ஒரு கிராம். ஒவ்வொண்ணா நிறுத்து வெட்டினது. ஆளுக்கு ஒண்ணு எடுத்து, வேண்டிக்கிட்டுப் போடுங்க. எல்லாரும் போட்டாதான் கணக்குச் சரியா வரும். ஒருத்தர் போடலன்னாலும் நான் விட மாட்டேன்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒய்காவா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்.

"குஜி-சான், எனக்கும் ஒண்ணு போட ஆசையா இருக்கு," என்றான் தொகாஷி.

"நீ போட்டா முப்பத்தொன்பது. ஒதுங்கி நில்லு."

நுமாதா தட்டிலிருந்து முதல் துண்டைத் தானே எடுத்தார். கண்ணை மூடி, நெற்றிக்கு நேரே உயர்த்தி, மூசைக்குள் போட்டார். டிங் என்று ஒரு சத்தம். பிறகு தட்டை ஏந்திக்கொண்டு வரிசைக்கு எதிரே நின்றார். வழக்கப்படி வரிசையின் தலையில் முதலாளி ஷிராஹதா, கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"முதலாளி," என்றார் நுமாதா, மரியாதை கொஞ்சமும் குறையாத குரலில், "நீங்க கடைசியில போய் நில்லுங்க."

ஷிராஹதா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். முப்பத்தாறு பேரையும் ஒவ்வொருவராகக் கடந்து போய், பெருக்குகிற பெரியவருக்குப் பின்னால் நின்றார்.